கிறிஸ்துமஸ் பண்டிகை அம்மாவுக்கும் பண்டிகையாக இருக்கட்டும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தீபாவளி விளம்பரங்கள் தங்கள் நாளிதழின் பக்கங்களை நிரப்பத் தொடங்கியிருக்கும் இந்தப் புரட்டாசி மாதத்தில் கிறிஸ்துமஸ் பண்டிகையைப் பற்றிக் கடிதம் எழுதுவது மிகவும் முந்திக்கொண்ட செயலாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். டிசம்பரில் எழுதினால் இக்கடிதத்தால் எவருக்கும் பயன் இராது என்பதால்தான் இப்போதே எழுதுகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, தாராபுரம், கோபி என்று நம் கொங்கு வட்டாரமெங்கும் வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களில் பல, ஆண்டு முழுவதும் ஆவலோடு காத்திருந்த பண்டிகையை, அது வந்து சேரும்போது அலுப்போடும் பதற்றத்தோடும் சில வேளைகளில் கடனோடும் கழிக்கின்றன. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அக்டோபர் மாதத்திலேயே குடும்பத்தார் கூடி உட்கார்ந்து சில முடிவுகளை எடுத்து, வேலைகளை ஆளுக்கு ஆள் பகிர்ந்துகொண்டால் டிசம்பர் மாதம் நிம்மதியாகக் கழியும்.

டிசம்பர் 24 இரவு பத்து மணிக்குப் பெரும்பாலான வீடுகளின் சமையலறையில் காணக் கிடைப்பது ஏறக்குறைய ஒரே காட்சிதான். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருக்கும். மறுநாள் பிரியாணிக்கு உரிக்க வேண்டிய சின்ன வெங்காயம் முறத்தில் அப்படியே கிடக்கும். மகளின் பாவாடைக்கு ஓரம் அடிக்க வேண்டியிருக்கும். தாய் தான் உடுத்தப்போகும் சேலைக்கு இன்னும் இஸ்திரி போட்டிருக்க மாட்டாள். இதற்கிடையில் 'நேரமாச்சே, இன்னும் கிளம்பலையா?' என்று கூடத்திலிருந்து குரல் வரும். நள்ளிரவுத் திருப்பலிக்குச் செல்லும் கத்தோலிக்கக் குடும்பமானாலும், விடியற்கால ஆராதனைக்குச் செல்லும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பமானாலும், கதவைப் பூட்டிவிட்டுக் கடைசியாக ஓடிவருபவள் தாய்தான். ஆலயத்தில் பாடகர் குழு பாடும் நேரத்தில் தூணோரமாகச் சாய்ந்து தம்மை மறந்து கண்ணயர்ந்துவிடும் பெண்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்களில் பலர் அன்று பகல் முழுவதும் பனியன் கம்பெனியிலோ மருத்துவமனையிலோ வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். இயேசு பிறப்பின் நற்செய்தி வாசிக்கப்படும் வேளையில் அதைக் கேட்பதற்குக்கூடத் தெம்பில்லாத அளவுக்கு ஒருத்தியை ஓய்த்துவிட்டு, மற்றவர்கள் மட்டும் மகிழ்ந்திருப்பது முறையன்று என்பதை மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன்.

வேலை மிகுதி என்பதைவிட, அந்த வேலை முழுவதும் ஒரே ஒருவருடைய மனத்தில் மட்டுமே இருப்பதுதான் இந்த நிலைக்குக் காரணம் என்பது என் கருத்து. என்னென்ன வாங்க வேண்டும், யார் யாருக்குப் பலகாரம் கொடுத்தனுப்ப வேண்டும், தையல்காரர் என்றைக்குத் துணி தருவதாகச் சொன்னார், அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பாவுக்கு) சர்க்கரை நோய் இருப்பதால் அவருக்கென்று தனியாக என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒருவருக்கு மட்டுமே தெரியும். மற்றவர்கள் உதவ மனமில்லாதவர்கள் அல்லர். என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் நிற்கிறார்கள். 'சொன்னால் செய்ய மாட்டோமா?' என்று கேட்கிறார்கள். ஒவ்வொன்றையும் நினைவில் வைத்திருந்து, ஒவ்வொருவரிடமும் சொல்லி, செய்தார்களா என்று திரும்பக் கேட்பதும் ஒரு பெரிய வேலை என்பது அவர்களுக்குப் புரிவதில்லை.

நான் திருப்பூரில் பனியன் ஏற்றுமதித் தொழிலில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு வைக்கப்படும் ஆடைகளில் கணிசமானவை நம் ஊரில் தைக்கப்படுபவை என்பதும், அவை ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களிலேயே பெட்டி கட்டப்பட்டுத் தூத்துக்குடித் துறைமுகம் நோக்கிக் கிளம்பிவிடும் என்பதும் இங்குள்ள அனைவரும் அறிந்ததே. கப்பல் பயணத்துக்கு வாரக் கணக்கில் ஆகும்; 2023ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடல் வழி ஆபத்தானதாகி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்ல நேர்ந்தபோது மேலும் பத்து நாட்களுக்குக் குறையாமல் கூடியது. ஆகவே ஆர்டர் கையில் வந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது ஷிப்மெண்ட் தேதியைத்தான். அதிலிருந்து பின்னோக்கி, பேக்கிங் என்றைக்கு முடிய வேண்டும், செக்கிங்கும் அயனிங்கும் என்றைக்கு, தையல் நடக்கும் பவர் டேபிளுக்குத் துணி என்றைக்குப் போக வேண்டும், கட்டிங், டையிங், நிட்டிங், நூல் கொள்முதல் என்று ஒவ்வொன்றுக்கும் தேதி குறித்து, ஒவ்வொரு தேதிக்கும் பொறுப்பான ஆளின் பெயரையும் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவோம். அயல்நாட்டுக் குடும்பங்களின் கிறிஸ்துமஸுக்காக இத்தனை ஒழுங்கோடு உழைக்கும் நம் ஊர்க்காரர்கள், தங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கும் அதே ஒழுங்கில் ஒரு சிறு பங்கைக் கொடுத்தால் போதும்.

தீபாவளிக்கு முந்தைய ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து மதிய உணவும் ஆன பிறகு, வீட்டில் உள்ள அனைவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். பத்து வயதுப் பிள்ளையும் அதில் இருக்க வேண்டும். இந்த ஆண்டு பண்டிகை நம் வீட்டிலா ஊரிலா, எத்தனை பேருக்குச் சமையல், மொத்தமாக எவ்வளவு செலவு செய்வது என்பவற்றை முதலில் முடிவு செய்துவிட வேண்டும். மற்றவையெல்லாம் இவற்றைப் பின்தொடர்ந்து வருபவை. அதன்பின் ஒரு முழுத்தாளில் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயரும் தேதியும் குறித்து, பீரோக் கதவின் மீதோ குளிர்சாதனப் பெட்டியின் மீதோ ஒட்டிவைக்க வேண்டும். பெயர் எழுதாத வேலை தானாகத் தாயின் தலையில் வந்து விழுந்துவிடும்; ஆகவே 'எல்லாரும் சேர்ந்து' என்று எந்த வரியிலும் எழுதக் கூடாது. வேலைகளை எழுதும்போதே, இந்த ஆண்டு செய்ய வேண்டியதில்லை என்று எவற்றை விட்டுவிடலாம் என்பதையும் பேசிக்கொள்வது நல்லது. ஏழு வகைப் பலகாரம் செய்துவந்த வீடு நான்கோடு நிறுத்திக்கொண்டால் எந்த விருந்தினரும் குறைபட்டுக்கொள்ளப் போவதில்லை.

பயணம் செய்ய வேண்டிய குடும்பங்களுக்கு அக்டோபர் மாதம் மிக முக்கியமானது. கோவையிலும் திருப்பூரிலும் வாழும் கிறிஸ்தவர்களில் பெருந்தொகையினர் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காக வந்து குடியேறியவர்கள். பண்டிகைக்குச் சொந்த ஊர் செல்வதே அவர்களது வழக்கம். ரயில் முன்பதிவுக் காலம் 120 நாட்களாக இருந்தது, 2024 நவம்பர் 1 முதல் பயண நாள் நீங்கலாக 60 நாட்களாகக் குறைக்கப்பட்டுவிட்டது. இதன்படி டிசம்பர் 23 பயணத்துக்கு அக்டோபர் 24 காலை எட்டு மணிக்கும், டிசம்பர் 24 பயணத்துக்கு அக்டோபர் 25 காலை எட்டு மணிக்கும் முன்பதிவு தொடங்கும். பழைய கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு ஆகஸ்டில் முயன்று பார்த்துவிட்டுப் பின்னர் மறந்துபோனவர்களையும், நவம்பர் சம்பளம் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டவர்களையும் நான் அறிவேன். கோவையிலிருந்து ஈரோடு, கரூர், மதுரை வழியாக நாகர்கோவில் செல்லும் இரவு ரயிலில் பண்டிகை வாரத்து இடங்கள் வெகு விரைவில் தீர்ந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, கார்த்திகை முதல் நாளில் தொடங்கி டிசம்பர் கடைசி வாரம் வரை நீளும் சபரிமலை மண்டல காலமும் இதே நாட்களில் வருவதால் பேருந்துகளிலும் ரயில்களிலும் நெரிசல் கூடுதலாகவே இருக்கும். ஆகவே அந்த இரண்டு தேதிகளையும் நாட்காட்டியில் இன்றே வட்டமிட்டு வைத்துவிடுங்கள். திரும்பி வரும் பயணத்துக்கும் இதேபோல் கணக்கிட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஊருக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் திரும்புவதற்கு டிக்கெட் இல்லாமல் பண்டிகை நாளிலேயே தட்கலுக்காகக் கைப்பேசியோடு போராடுவது பரிதாபம்.

எந்த வீட்டுக்குப் போவது என்ற கேள்வி ரயில் டிக்கெட்டைவிடக் கடினமானது. கணவன் வீடா மனைவி வீடா என்ற பேச்சு டிசம்பர் இரண்டாம் வாரத்தில் எழுந்தால் அது சச்சரவில்தான் முடியும். கிறிஸ்துமஸை ஒரு வீட்டிலும் டிசம்பர் 31 இரவு ஆராதனையையும் புத்தாண்டையும் மற்றொரு வீட்டிலும் கொண்டாடி, அடுத்த ஆண்டு அதை மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்து, இரு பக்கத்துப் பெரியவர்களுக்கும் நவம்பருக்குள் நேரில் சொல்லிவிடுவது நல்லது. அம்மாயிக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) செய்தி முன்கூட்டியே தெரிந்தால் வருத்தம் இருந்தாலும் மனத்தைத் தேற்றிக்கொள்வார். கடைசி நாளில் தெரியவந்தால், வைத்திருந்த சாமான்களையும் பிடித்துவைத்த கோழியையும் பார்த்துப் பார்த்துக் கலங்குவார்.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பகுதியில் தொழிலாளர்களுக்குப் போனஸ் தீபாவளியை ஒட்டியே கிடைக்கிறது. சட்டப்படியான குறைந்த அளவு 8.33 சதவீதம், அதற்கு மேல் பேச்சுவார்த்தையைப் பொறுத்தது. கிறிஸ்தவத் தொழிலாளிக்கும் அந்தப் பணம் அப்போதுதான் கைக்கு வருகிறது. தெருவெல்லாம் பட்டாசும் புதுத்துணியுமாக இருக்கும்போது நம் பிள்ளைகளும் கேட்கத்தான் செய்வார்கள். அவர்களுக்கும் ஏதோ வாங்கித் தருகிறோம். உறவினர் திருமணமொன்று ஐப்பசியில் வருகிறது. டிசம்பர் தொடங்கும்போது போனஸில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அப்போதுதான் வட்டிக்கு வாங்குவதும் தோட்டையும் வளையலையும் அடகு வைப்பதும் தொடங்குகிறது. போனஸ் வந்த அன்றே கிறிஸ்துமஸுக்கென்று ஒரு பங்கை எடுத்து, எளிதில் கைவைக்க முடியாத வேறொரு கணக்கில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை பாதி தீர்ந்துவிடும். அடுத்த ஆண்டுக்கு ஜனவரியிலிருந்தே வங்கியில் மாதச் சேமிப்புக் கணக்கொன்றைத் தொடங்கி நவம்பரில் முதிர்வடையும்படி அமைத்துக்கொள்ளலாம். பலகாரச் சீட்டு, பண்டிகைச் சீட்டு என்று தெருவில் யாரோ நடத்தும் சீட்டுகளில் பணம் கட்டுவோர், பதிவு பெறாத சீட்டு நடத்துவதே சட்டப்படி குற்றம் என்பதையும், நடத்துபவர் ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் போட்ட பணத்தை மீட்பது எத்தனை சிரமம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம்பிக்கையான ஆள் என்ற ஒரே காரணத்துக்காகத் தங்கள் வியர்வைப் பணத்தைக் கொடுத்துவிட்டு நிற்கும் பெண்களின் செய்திகளைத் தங்கள் நாளிதழே எத்தனையோ முறை வெளியிட்டிருக்கிறது.

துணி விஷயத்தில் தீபாவளிக்கு அடுத்து வரும் வாரங்கள் நமக்குச் சாதகமானவை. ஈரோட்டு ஜவுளிச் சந்தையிலும், திருப்பூர் காதர்பேட்டையிலும், கோவை ஒப்பணக்கார வீதியிலும் தீபாவளிக் கூட்டம் வடிந்திருக்கும்; நிதானமாகப் பார்த்து எடுக்கலாம். தையல்காரரிடம் நவம்பர் நடுவிலேயே துணியைக் கொடுத்துவிட்டால் அளவு பிசகினாலும் திருத்திக்கொள்ள நாள் இருக்கும். வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் சற்றுத் தாராளமாக அளவு கொடுக்கச் சொல்லுங்கள்.

இனிப் பலகாரம். எல்லாவற்றையும் 23, 24 தேதிகளில் செய்தாக வேண்டும் என்பது வெறும் பழக்கம்தான். பலகாரங்களின் இயல்பு அப்படியன்று. கேக்குக்கான உலர்திராட்சை, முந்திரி, செர்ரி, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றை நவம்பரிலேயே நறுக்கி ஊறவைப்பது பலர் வீட்டில் உள்ள வழக்கம். ரம்மில் ஊறவைப்பவர்கள் கண்ணாடிச் சாடியில் வெளியிலேயே வைக்கலாம். திராட்சைச் சாற்றிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ ஊறவைப்பவர்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். பழங்கள் மிகுந்த கேக்கை டிசம்பர் இரண்டாம் வாரத்தில் சுட்டு, நன்றாக ஆறிய பிறகு வெண்ணெய்த் தாளில் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால், பண்டிகையன்று அதன் சுவை கூடியிருக்குமே தவிரக் குறையாது. ஓவன் இல்லாத வீடுகளில் குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டுச் சிறு தீயில் சுடலாம்.

முறுக்கு, தட்டுவடை, அச்சு முறுக்கு ஆகியவை ஈரம் படாமல் டின்னில் அடைத்து வைத்தால் இரண்டு வாரங்களுக்குக் கெடாது. டிசம்பர் 15 தேதியை ஒட்டி வரும் சனி, ஞாயிறுகளில் அவற்றை முடித்துவிடலாம். மார்கழிப் பனிக்கு மாவு வகைகள் நமுத்துப்போகும் என்பதால், பொரித்தவை முழுவதும் ஆறும்வரை மூடக் கூடாது, டின்னைத் திறந்தால் உடனே மூட வேண்டும் என்ற இரண்டை மட்டும் வீட்டார் அனைவருக்கும் சொல்லிவைத்தால் போதும். அதிரசம் விரும்புவோர் அரிசி ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து, வெல்லப் பாகு சேர்த்து மாவைத் தயாராக்கி வைத்துவிட்டால், அது ஓரிரு நாள் இருந்து பதப்பட்ட பின்தான் பொரிக்கவே வேண்டும். கச்சாயம் மட்டும் சுடச்சுட இருந்தால்தான் ருசி. அதைப் பண்டிகைக் காலையில் செய்வதற்கு ஒதுக்கிவிடலாம். கறிக்கடைக்காரரிடம் எத்தனை கிலோ, என்ன வெட்டு, எத்தனை மணிக்கு என்று ஒரு வாரம் முன்பே சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டால் 25 காலையில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் 24 பிற்பகலில் உரித்து முடிப்பது வீட்டு ஆண்களின் வேலை என்று தாளிலேயே எழுதிவிடலாம். பேசிக்கொண்டே நான்கு பேர் உரித்தால் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும்.

நம் பகுதியில் பலகாரம் என்பது வீட்டாருக்கு மட்டுமானதன்று. தீபாவளிக்கு அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் நமக்கு எவர்சில்வர் தட்டிலும் டப்பாவிலும் பலகாரம் கொடுத்தனுப்புகின்றன. ரம்ஜானுக்குப் பிரியாணி வருகிறது. கிறிஸ்துமஸுக்கு நாம் கேக்கும் பலகாரமும் கொடுக்கிறோம். இந்தப் பழக்கம் நம் தெருக்களின் பெருமை. ஆனால் பட்டியல் இல்லாத காரணத்தால் 25 பிற்பகலில் ஒரு வீடு விடுபட்டுப்போய், அந்த வீட்டுப் பிள்ளை நம் பிள்ளையிடம் கேட்கும்போதுதான் நினைவு வருகிறது. தீபாவளிக்குத் தட்டு வரும்போதே யார் வீட்டிலிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தால் அதுவே கிறிஸ்துமஸ் பட்டியலாகிவிடும். அசைவம் உண்ணாத வீடுகள், முட்டை சேர்க்காத வீடுகள், மாலை போட்டு விரதம் இருக்கும் வீடுகள் எவை என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். சபரிமலைக்கு மாலை அணிந்தவர் வீட்டுக்கு முட்டைக் கேக்கைக் கொடுத்தனுப்பிச் சங்கடப்படுத்தாமல், பழமோ முறுக்கோ கொடுக்கலாம். கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். அண்டை வீட்டாரோடு பழகும் முறையை அவர்கள் கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

பிள்ளைகள் என்றதும் அரையாண்டுத் தேர்வு நினைவுக்கு வருகிறது. தேர்வு பெரும்பாலும் டிசம்பர் 23 வாக்கில்தான் முடிகிறது. 24 அன்றுதான் அவர்களுக்கு விடுமுறையே தொடங்குகிறது. குடில் கட்டுவது, நட்சத்திரம் தொங்கவிடுவது, வீடு ஒட்டடை அடிப்பது என்று அவர்கள் விரும்பிச் செய்யும் வேலைகளைத் தேர்வுக்கு முந்தைய நவம்பர் கடைசி வாரத்திலேயே முடித்துவிட்டால், தேர்வு நாட்களில் மனம் அலையாது. சென்ற ஆண்டின் சீரியல் செட்டை எடுத்து எரிகிறதா, ஒயரில் வெடிப்பு இருக்கிறதா என்று அப்போதே பெரியவர் ஒருவர் பார்த்துவிட வேண்டும். காகித நட்சத்திரத்துக்குள் பழைய குண்டு பல்பைப் போடாமல் சிறிய எல்.இ.டி. பல்பைப் போடுவது தீ விபத்தைத் தவிர்க்கும்.

இந்த இடத்தில் ஆயர்களுக்கும் பங்குத்தந்தையர்க்கும் சபைக் குழுவினருக்கும் வாலிபர் சங்கத்தாருக்கும் பணிவான வேண்டுகோள் ஒன்றை வைக்கிறேன். வீடு எவ்வளவுதான் திட்டமிட்டாலும், வீடு வீடாகச் சென்று கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் எந்த நாளில், எந்த நேரத்தில் வரும் என்று தெரியாவிட்டால் எல்லாம் குலைந்துபோகிறது. இன்று வருவார்கள் என்று தேநீரும் கேக்கும் தயாராக வைத்துக்கொண்டு குடும்பமே நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்கிறது. குழு பின்னிரவு இரண்டு மணிக்கு வந்து சேர்கிறது. அல்லது மறுநாள் வருகிறது. மறுநாள் காலையில் பிள்ளைக்குத் தேர்வு. தாய்க்கு எட்டரை மணிக்குக் கம்பெனி. ஒலிபெருக்கியை இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை பயன்படுத்தக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளிலேயே உள்ளது. பண்டிகை நாட்களுக்கு அரசு அளிக்கும் தளர்வும் நள்ளிரவு வரைதான். வேறு மதத்தவர் நிறைந்து வாழும் தெருக்களில் பின்னிரவில் மேளம் கொட்டுவது நம் சாட்சிக்கும் அழகன்று. எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்ற பட்டியலை, நவம்பர் 27 முதல் டிசம்பர் 3-க்குள் வரும், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று ஆலயத்தில் வாசித்து, பலகையில் ஒட்டி, வாட்ஸ்அப் குழுவிலும் அனுப்பி, ஒவ்வொரு நாளும் மாலை ஆறு மணிக்குக் கிளம்பிப் பத்து மணிக்குள் முடித்துக்கொண்டால் என்ன? முதியவர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் அப்போதுதான் உண்மையாகவே வாசலுக்கு வந்து உடன் பாட முடியும்.

திருச்சபையே இந்தப் பண்டிகைக்கு நான்கு ஞாயிறுகளை ஆயத்தத்துக்கென்று ஒதுக்கித் தந்திருக்கிறது என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். அதேபோல் கொண்டாட்டமும் 25 அன்று மாலையோடு முடிந்துவிடுவதில்லை. திருக்காட்சித் திருநாளான ஜனவரி 6 வரை பன்னிரண்டு நாட்கள் நீள்கிறது. உறவினர் வீடுகள் அனைத்துக்கும் 25, 26 தேதிகளிலேயே போய்வந்துவிட வேண்டும் என்று அலைவதை விட்டு, பொள்ளாச்சி அத்தை வீட்டுக்கு 28 அன்று, சத்தியமங்கலம் மாமா வீட்டுக்குப் புத்தாண்டுக்கு மறுநாள் என்று பிரித்துக்கொண்டால், 25 பிற்பகல் உணவுக்குப் பின் அனைவரும் சற்றுக் கண்ணயரலாம். பள்ளி விடுமுறையும் அதற்கு இடம் கொடுக்கிறது. இவ்வாறு பிரித்துக்கொள்வதை நான் மிகவும் வற்புறுத்துகிறேன். செலவில்லாத ஏற்பாடு இது, இதனால் கிடைக்கும் ஓய்வோ பெரிது.

அவ்வாண்டில் துக்கம் நேர்ந்த வீடுகளைப் பற்றியும் முன்கூட்டியே எண்ண வேண்டும். நட்சத்திரம் தொங்கவிடாத அந்த வீட்டுக்கு 25 அன்று யார் சாப்பாடு கொண்டுபோவது, யார் போய்ச் சற்று நேரம் கூட இருப்பது என்பதை மாதர் சங்கத்தார் டிசம்பர் முதல் வாரத்தில் பேசி வைத்துக்கொண்டால், அன்று யாரும் தனித்து விடப்பட மாட்டார்கள். அதேபோல், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்து திருப்பூரின் விடுதிகளிலும் ஒற்றை அறைகளிலும் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்களிலும் இளம்பெண்களிலும் கிறிஸ்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊருக்குப் போய்வரும் பயணத்துக்கே விடுப்பு தீர்ந்துவிடும். பண்டிகையன்று ஆலயத்தின் பின்வரிசையில் நின்று பிரார்த்தித்துவிட்டு, ஹோட்டலில் சாப்பிட்டு அறைக்குத் திரும்புகிறார்கள். பக்கத்து இயந்திரத்தில் தைக்கும் ஒருவரையோ இருவரையோ நம் வீட்டு இலைக்கு அழைப்பது கடைசி நேரத்தில் நடக்காது. எத்தனை பேருக்குச் சமையல் என்று அக்டோபரில் கணக்கிடும்போதே அவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் நடக்கும். இருபது பேருக்குப் பிரியாணி வடிக்கும் வீட்டில் இருவர் கூடுதலாக வருவதால் சுமை ஏதும் ஏறிவிடாது.

நிறைவாகத் தங்களிடம் ஒரு கோரிக்கை. ஆலயங்களில் நடைபெறும் கிறிஸ்துமஸ் திருப்பலி, ஆராதனை நேரங்களின் பட்டியலைத் தங்கள் நாளிதழின் கோவை, திருப்பூர், ஈரோடு பதிப்புகளில் டிசம்பர் 24 அன்று வெளியிடாமல், டிசம்பர் இரண்டாம் ஞாயிறன்றே வெளியிட்டு உதவ வேண்டுகிறேன். வீட்டில் முதியவர்களை எந்த நேரத்து ஆராதனைக்கு அழைத்துச் செல்வது, கைக்குழந்தையோடு யார் பின்தங்குவது, வேலைக்குச் செல்லும் செவிலியரும் காவல்துறையினரும் பேருந்து ஓட்டுநர்களும் தங்கள் பணி முறையை எப்படி மாற்றிக் கேட்பது என்பதையெல்லாம் குடும்பங்கள் அந்தப் பட்டியலை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். ஒவ்வோர் ஆலயமும் டிசம்பர் முதல் வாரத்துக்குள் தங்கள் நிருபர்களிடம் நேரங்களைத் தெரிவித்துவிட வேண்டும் என்ற அறிவிப்பையும் நவம்பரில் ஒருமுறை வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருப்பூர்.